ஜீப்போடு பேசிய கருப்பம்மா

புருஷனோடு கோபித்துக்கொண்ட பெண்கள் எங்கள் பக்கத்தில் என்ன செய்வார்கள்? அழுவார்கள், அண்ணன் வீட்டுக்குப் போவார்கள், இல்லையென்றால் லயத்து வரிசை வீடுகள் முழுக்கக் கேட்கும்படி திட்டுவார்கள். நமுனுகுல தேயிலைத் தோட்டத்துக் கருப்பம்மா இதில் எதையும் செய்யவில்லை. பேச்சை நிறுத்திவிட்டாள். சமைத்தாள், துவைத்தாள், அவனுக்குக் காய்ச்சல் வந்தபோது கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாள். பேச்சு மட்டும் இல்லை. அவசியமாக ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் அடுப்பிடம் சொன்னாள், வாசலில் மேய்ந்த கோழியிடம் சொன்னாள். நான் போயிருந்தால் என்னிடம் சொன்னாள்.

நான் பாறூக். பதுளையில் பசறை ரோட்டில் கராஜ் வைத்திருக்கிறேன். கருப்பம்மாவின் புருஷன் ரெங்கசாமி தோட்டத்து லொறி ட்ரைவர். லொறி பழுதானால் என்னிடம் வருவான், பழுதாகாவிட்டாலும் வருவான். அப்படித்தான் நாங்கள் சிநேகமானோம். எங்கள் முஸ்லிம் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி இருவரும் என்னை 'நானா' என்பார்கள்.

அவர்கள் கல்யாணக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நமுனுகுலவில் பின்னேரமானால் பனிமூட்டம் இறங்கிவிடும். கொழுந்து ஏற்றிக்கொண்டு ஃபெக்டரிக்குப் போகிற லொறிக்கு ரோடே தெரியாது. அந்த நேரத்தில் கொழுந்து பறிக்கும் பெண்களில் ஒருத்தி வெள்ளைச் சாக்கை முதுகில் போட்டுக்கொண்டு முன்னால் நடப்பாள். ட்ரைவர் சாக்கைப் பார்த்தபடி பின்னால் ஊர்ந்து வருவான். ஒரு மழைக்காலம் முழுக்கக் கருப்பம்மாதான் நடந்தாள். செருப்பில்லாத காலால் ரோட்டைத் தடவிப் பார்த்து, கல் ஆடுகிறதா, கரை இளகியிருக்கிறதா என்று கத்திச் சொல்வாள். ரெங்கசாமி அந்த மழைக்காலம் பூராவும் அவள் முதுகைப் பார்த்து ஓட்டினான். தை பிறந்ததும் போய்ப் பெண் கேட்டான்.

பேச்சு நின்றது எழுபத்தாறாம் வருஷம். கருப்பம்மாவின் அண்ணன் மாரிசாமி ஒரு நாள் லயத்துக்கு வந்தான். தாய் தகப்பன் போன பிறகு அவளைத் தூக்கி வளர்த்தவன் அவன். வவுனியாப் பக்கம் காடு வெட்டிக் குடியேறப் போவதாகச் சொல்லி, "நீங்களும் வாங்க மாப்புள, நமக்குன்னு ஒரு துண்டு மண்ணு இருக்கும்" என்றான். கருப்பம்மா உள்ளே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். ரெங்கசாமி அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நாங்க வரல மச்சான்" என்று முடித்துவிட்டான்.

அவள் தேத்தண்ணியைக் கொண்டுவந்து அண்ணனிடம் கொடுத்தாள். அன்றைக்கு மூடிய வாய்தான். அடுத்த வாரம் நான் போனபோது ரெங்கசாமியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். "நானா, அடுத்த மாசம் அண்ணன் போறப்ப நானும் போறேன். தெரிய வேண்டியவங்களுக்குச் சொல்லிருங்க."

"போறவங்க போகட்டும்னு சொல்லுங்க நானா" என்றான் அவன்.

வீராப்பெல்லாம் அங்கேதான். மறுநாள் கராஜுக்கு வந்து, லொறிக்கு அடியில் படுத்துக்கொண்டு, கையில் ஸ்பேனரை வைத்தபடி குழந்தை மாதிரி அழுதான். "அவ போயிட்டா எனக்கு என்ன நானா இருக்கு?"

"அதை அவகிட்டச் சொல்லேன்டா."

"அவதான் பேச மாட்டேங்கிறாளே."

இந்த மடையனை என்ன செய்வது? அல்லாஹ் எனக்குப் பொறுமையைக் கொஞ்சமாகத்தான் கொடுத்திருக்கிறான். அவனைத் திட்டித் தீர்த்துவிட்டு, மனம் கொஞ்சம் லேசாகட்டும் என்று ஜீப் போட்டிக்கு இழுத்துப்போனேன்.

ஆகஸ்ட் வறட்சியில் பசறைக்குக் கீழே ஓர் ஓடை வற்றி வெறும் பாறையாகக் கிடக்கும். பதுளை மோட்டார்க்காரர்கள் சிலர் சேர்ந்து அதில் ஜீப் ஏற்றும் போட்டி வைத்திருந்தார்கள். வேகத்துக்கு அங்கே வேலையில்லை. பாறைமேல் பாறையாக ஊர்ந்து, நட்டிருக்கும் கம்புகளில் இடிக்காமல், நிற்காமல் மேலே போக வேண்டும். ஒரு குழுவுக்கு மூன்று பேர். ஒருவன் ஓட்டுவான். ஒருவன் முன்னால் நடந்து வழி சொல்வான். மூன்றாமவன் கயிற்றோடு கரையில் நிற்பான், ஜீப் மாட்டிக்கொண்டால் இழுப்பதற்கு. கயிற்றுக்காரன் வாயைத் திறந்தால் குழு வெளியே. ஜீப் என்னுடையது, ஓட்டுவது ரெங்கசாமி, கயிறு நான். நான் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பேன் என்று கேள்விப்பட்டு என் பெண்சாதி ஜெஸீமா சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது.

வழி சொல்ல என் கராஜ் ஆள் நிஸாமை வைத்திருந்தேன். போட்டியன்று காலையில் பாறையைப் பார்க்க ஏறியவன் வழுக்கிக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டான். கால் பூசணிக்காயாக வீங்கிவிட்டது. தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது கருப்பம்மா சோற்றுப் பொதிகளோடு வந்து சேர்ந்தாள். கோபம் கோபம்தான், சோறு சோறுதான் அவளுக்கு.

"தங்கச்சி, வழி சொல்ல ஆளில்ல. நீதான் நடக்கணும்."

"லொறி ஓட்டுறவங்களுக்குச் சம்மதமான்னு கேளுங்க நானா."

"நடக்கத் தெரிஞ்சவங்க நடக்கட்டும்னு சொல்லுங்க" என்றான் ரெங்கசாமி, டயரைப் பார்த்துக்கொண்டு.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். விசில் ஊதினார்கள். நான் கரையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாயைப் பூட்டினேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர்கள் நடுவில் தூதுபோகிறவன் நான். நான் பேசக் கூடாதென்றால் இவர்கள் எப்படிப் பேசுவார்கள்?

கருப்பம்மா அதற்கு வழி கண்டுபிடித்தாள். ஜீப்போடு பேசினாள்.

"இந்த ஜீப்பு கொஞ்சம் வலது பக்கம் வரட்டும். அங்க கல்லு நல்லா இருக்கு."

"ஜீப்புக்குத் தெரியும்" என்று ஸ்டியரிங்கிடம் சொன்னான் அவன்.

"தெரிஞ்ச ஜீப்பு ஏன் கம்புப் பக்கம் போகுதாம்?"

கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நடுவர் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். ஆனாலும் ஜீப் ஏறிக்கொண்டுதான் இருந்தது. அவள் காலால் தடவிச் சொல்ல, அவன் முணுமுணுத்துக்கொண்டே திருப்ப, பாதி ஓடையை ஒரு கம்பும் தொடாமல் கடந்துவிட்டார்கள்.

கடைசியில் ஒரு பெரிய பாறை, எருமை முதுகு மாதிரி. இடது பக்கம் ஆழமான குழி. பாறையில் ஏறும் இடத்தில் கிடந்த கல்லில் கால் வைத்துப் பார்த்தவள், "ஜீப்பு இதில ஏறக் கூடாது, இது ஆடுது" என்றாள்.

"ஜீப்புக்கு ஆடாத கல்லாத்தான் தெரியுது."

வீம்பு! பேச்சு நேராக இருந்திருந்தால் கேட்டிருப்பான். ஜீப்பிடம் சொன்னதற்கு ஜீப்புக்காகப் பதில் சொல்லிவிட்டு ஏற்றினான். இடது பக்கச் சில்லு உருண்டு கல்மேல் ஏறியது. கல் மெல்லத் திரும்பியது. ஜீப் குழிப் பக்கம் சாய்ந்தது. நான் கயிற்றை இழுத்துப் பிடித்தேன்.

"ஏங்க! நில்லுங்க!"

மலையில் மோதித் திரும்பி வந்தது அந்தக் குரல். அவன் நிறுத்தினான். ஜீப் சாய்ந்தபடியே நின்றது.

"சொல்லு புள்ள" என்றான்.

"குழியைப் பாக்காதீங்க. என்னப் பாருங்க. மெதுவா பின்னுக்கு... ஆங், போதும். இப்ப என் கைக்கு நேரா வாங்க."

இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே பாறையில் ஏறினாள். தான் எங்கே கால்வைக்கிறோம் என்று அவள் பார்க்கவேயில்லை. அவனும் பாறையைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்தபடி அங்குலம் அங்குலமாக ஓட்டிவந்தான். உச்சிக்கு வந்து என்ஜினை நிறுத்தியபோது இரண்டு பேருக்கும் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கும்தான், மறைத்து என்ன ஆகப்போகிறது?

நடுவில் நின்றதால் பரிசு ஒன்றும் இல்லை. பண்டாரவளைக்காரர்கள் கோப்பையைக் கொண்டுபோனார்கள். நாங்கள் புங்க மரத்தடியில் உட்கார்ந்து பொதியைப் பிரித்தோம். சோறு, பருப்பு, கருவாட்டுக் குழம்பு. பாறையை விட்டு இறங்கியதும் இருவருக்கும் பழையபடி வெட்கமும் ரோஷமும் வந்துவிட்டன. பேச்சைக் காணோம். கருப்பம்மா என் பக்கம் திரும்பினாள்.

"நானா, இன்னும் சோறு வேணுமான்னு கேளுங்க."

"எனக்குப் பேச ஏலாது தங்கச்சி. நான் கயிற்றுக்காரன்" என்றேன்.

"போட்டிதான் முடிஞ்சிருச்சே."

"அது எனக்குத் தெரியாது. நான் வாயைத் தொறந்தா குழு வெளிய போயிரும்."

அதற்குப் பிறகு வாயை இறுக மூடிக்கொண்டேன். என் ஆயுளில் நான் பேசாமல் இருந்த உருப்படியான நேரம் அதுதான். ரெங்கசாமி சோற்றைப் பிசைந்தான், பிசைந்துகொண்டே இருந்தான். பிறகு தலை நிமிராமல் கேட்டான்.

"உனக்கு வவுனியாவுக்குப் போகணுமா புள்ள?"

அவள் கை அப்படியே நின்றது.

"அண்ணன் வந்த அன்னைக்கே இதை என்கிட்டக் கேட்டிருக்கலாமே."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

"வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்." சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அந்தக் காட்டுல போய் நான் என்ன பண்றது? பனி உண்டா, மலை உண்டா? ஆனா என்னக் கேக்கணும்ல. நானும் அந்த வீட்டுலதானே இருந்தேன்."

அவன் எச்சில் கையோடு முழங்கையால் கண்ணைத் துடைத்தான். "இனிமே கேட்டுத்தான் செய்வேன்."

"சரி, சாப்பிடுங்க. இன்னும் கொஞ்சம் போடவா?"

"போடு."

போட்டாள். அவன் போதும் என்ற பிறகும் போட்டாள். வேண்டுமா என்று என்னை யாரும் கேட்கவில்லை. நானே எடுத்துப் போட்டுக்கொண்டேன்.