கண்ணு பட்ட வண்டி

வண்டியில் எலுமிச்சம்பழம் தொங்குவதைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும்.

எங்க முதலாளிக்கு அவருடைய மினி லாரி தரையை ஒட்டி ஓடணும். ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தி, அகலமான டயரும் மாட்டினார். ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்சக்கரம் கீழ் ஆர்மில் உரசியது. சக்கரத்தைத் தாங்குவதே அந்த இரும்புதான். அதைப் போய் கிரைண்டரில் தேய்த்து இடம் பண்ணினார்கள்.

“லோடு தாங்காதுங்க” என்றேன், டிரைவர் நான்.

“நீ ஓட்டு, போதும்.”

குறுவை அறுப்பில், குத்தகைக்குப் பயிர் செய்த சரோஜா அக்காவின் நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்கு ஏற்றினோம். “வண்டி தேர் மாதிரில்ல இருக்கு!” என்று அக்கா சிரித்தார்.

வாய்க்கால் பாலத்தில் திரும்பும்போது ஆர்ம் முறிந்தது. சக்கரம் மடங்கி வண்டி சாய்ந்தது. பாதி மூட்டை தண்ணீருக்குள் போனது.

முதலாளி பைக்கில் வந்தார். ஓடி வந்த அக்கா, நனைந்த நெல்லைக்கூடப் பார்க்காமல் அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். “என் கண்ணுதாங்க பட்டுடுச்சு. தேர்னு சொன்ன வாயில மண்ணைப் போட.”

“பரவாயில்ல, விடும்மா” என்றார் முதலாளி. பெரிய மனசு!

எனக்குப் பொறுக்கவில்லை. “கண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லக்கா. இரும்பைத் தேச்சுட்டாங்க.”

அக்கா என்னைத்தான் முறைத்தார். “சோறு போடுறவங்களை அப்படிப் பேசாதய்யா.”

அன்றோடு என் வேலை போனது. நெல்லைப் பற்றி முதலாளி வாயே திறக்கவில்லை. அக்காவும் கேட்கவில்லை.

போன வாரம் மயிலாடுதுறை ரோட்டில் அந்த வண்டியைப் பார்த்தேன். அதே தாழ்வில்தான் ஓடுகிறது. முன்னால் புதிதாக ஒரு எலுமிச்சம்பழம் தொங்குகிறது. அக்கா கட்டிவிட்டதாம்.