புரட்டாதி கழிந்த சனிக்கிழமை

எனது எழுத்து நடந்த நாளைக் குழப்பியது வேறு யாருமில்லை, நான்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வேறு எதையும் ஒப்புக்கொள்வதாக இல்லை.

எழுத்து என்றால் கலியாணப் பதிவு. எனக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. முதல் கணவர் இறந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. ரெக்ஸ்டேலில் விமானங்களுக்குச் சாப்பாடு பொதி செய்கிற தொழிற்சாலையில் எனக்கு எதிர்மேசையில் நின்று வேலை செய்த, கிறிஸ்தவரான மன்னார்க்காரரைக் கட்டப்போகிறேன் என்று சொன்னேன். சொந்தக்காரர் எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். யூனியன்வில்லில் இருக்கும் என் அண்ணர் மட்டும்தான் போன் எடுத்தார்.

"உனக்கென்ன விசரே? இந்த வயதில கலியாணம், அதுவும் வேதக்காரனோடை! சனம் என்ன சொல்லும்?"

"சனம் எண்டால் ஆர் அண்ணை? நீங்கள்தானே?"

போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு நாலு மாதம் பேச்சில்லை.

அண்ணரும் நானும் அகதியாக வந்து இறங்கியது நகர நடுவிலுள்ள சென் ஜேம்ஸ் ரவுணில், பதினாலாம் மாடியில். நான் இன்றைக்கும் அதே கட்டடத்தில்தான் இருக்கிறேன். முதல் கோடையில் போக இடமில்லாமல் இருவரும் ஸ்ரேடியத்துக்கு நடந்துபோய் உச்சிப் படியில் உட்கார்ந்து பேஸ்போல் பார்த்தோம். கிரிக்கெட் தவிர ஒரு மண்ணும் தெரியாத ஆட்கள். நாலு பிழையான பந்து வந்தால் அடிக்கிறவன் சும்மா நடந்துபோய் முதல் தளத்தில் நிற்கலாம் என்று கண்டதும் அண்ணர் எழும்பி நின்று கத்தினார்: "வைட் போலுக்கு ஒரு ஓட்டத்தைக் குடுத்திட்டு விடாமல், ஆளையே நடக்க விடுறாங்கள்! இதென்ன கூத்து!" முன்வரிசையில் இருந்த வெள்ளைக்காரி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

எனக்கு மட்டும் அந்தக் கூத்து பிடித்துவிட்டது. தடித்த மட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கிக் கோடு போட்டு ஒவ்வொரு மாட்சையும் எழுதத் தொடங்கினேன். இப்போது கட்டிலுக்குக் கீழே இரண்டு பெட்டி கொப்பிகள் கிடக்கின்றன. எங்கள் நகர அணி, கிண்ணத்துக்காக ஒக்டோபரில் நடக்கும் பிளேஓஃப் ஆட்டங்களில் தாக்குப்பிடிக்குமா என்று அறிய எல்லோரும் பெரிய அடி அடிக்கிறவனைத்தான் பார்ப்பார்கள். நான் பார்ப்பது ஒன்பது இன்னிங்ஸில் ஏழாவதுக்குப் பிறகு வந்து எறிகிறவர்களை. முன்னுக்கு எறிந்தவன் களைத்துப் போனபின், ஒரேயோர் ஓட்டம் முன்னிலையில் இருக்கும்போது, கை நடுங்காமல் எறிய ஆள் உண்டா இல்லையா? அவ்வளவுதான் சங்கதி. இதைச் சொன்னால் ஆம்பிளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஒவ்வொரு செப்டெம்பரும் அண்ணர் போன் எடுத்து, "என்னடி, இந்தமுறை போவாங்களோ?" என்று கேட்பார். நான் சொன்னது ஒருதரமும் பிழைத்ததில்லை. எழுத்து நடந்த வருடச் செப்டெம்பரில் மட்டும் போன் வரவில்லை. வராது என்று தெரிந்தும் போனைக் குசினிக்குள் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் சமைத்தேன்.

எழுத்துக்கு நாள் குறிக்க உட்கார்ந்தது ஜூன் மாதம். மன்னார்க்காரர் செப்டெம்பர் கடைசியில் வைப்போம் என்றார்.

"ஐயோ, அது புரட்டாதி. நல்ல காரியம் செய்யக்கூடாத மாதம், வேண்டாம்" என்றேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஊரையே எதிர்த்துக்கொண்டு நிக்கிற மனிசி புரட்டாதிக்குப் பயப்பிடுறா!"

ஓம், பயந்தேன்தான். ஊருக்குப் பயமில்லை, புரட்டாதிக்குப் பயம். என்ன செய்ய? ஐப்பசி பிறந்தபின் வரும் முதல் சனிக்கிழமை, பின்னேரம் மூன்று மணி, எங்கள் கட்டடத்தின் கீழ்மாடி ஹோலில் என்று முடிவு செய்தோம்.

"அண்டைக்கு மாட்ச் இருந்தால்?" என்று அவர் கேட்டார்.

நான் கொப்பியை விரித்துக் காட்டினேன். "இவங்களோ? கடைசியில வந்து எறியிறவங்களைப் பாருங்கோ. ஒருத்தனும் உருப்படியில்லை. செப்டெம்பரோடை மூட்டை கட்டுவாங்கள்."

கட்டவில்லை. நான் உருப்படியில்லை என்று எழுதிய அதே ஆட்கள் ஓகஸ்ட் முழுக்க ஒருவனையும் தளத்தில் கால்வைக்க விடாமல் எறிந்தார்கள். பிளேஓஃபுக்குப் போனார்கள், முதல் சுற்றைத் தாண்டினார்கள், அரையிறுதிக்கும் வந்துவிட்டார்கள். அந்தச் சனிக்கிழமை மத்தியானம் ஒன்றரை மணிக்கு, எங்கள் ஊரிலேயே மாட்ச். மூக்கறுபட்டுப் போனேன்.

வியாழக்கிழமை அண்ணர் போன் எடுத்தார். சுகம்கூட விசாரிக்கவில்லை.

"தள்ளிப் போடு. மாட்சை விட்டிட்டு ஒருத்தரும் வராயினம்."

"மாட்ச் இல்லாட்டில் வந்திருப்பினமோ?"

"சரி, ஹோலில பெரிய ரிவி ஒண்டு போடு. சனம் வரும்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். "போட மாட்டன். என்னைப் பாக்க வாறவை வரட்டும். மாட்ச் பாக்கிறவை வீட்டை இருந்து பாக்கட்டும். ஆனா அண்ணை, என்ரை பக்கத்துச் சாட்சிக் கையெழுத்து உங்கடைதான். வேறை ஒருத்தரையும் கேக்க மாட்டன், சொல்லிப் போட்டன்."

இந்தமுறை போனை வைத்தது நான்.

சனிக்கிழமை நாற்பது கதிரை போட்டோம். வந்தது பதினொரு பேர். அதில் ஒன்பது பேர் தொழிற்சாலை ஆட்கள். நான் சிவப்புக் கூறைச் சேலையில் நின்றேன். இந்த வயதில் சிவப்பா என்று கேட்க ஆளில்லாமல் போனதுதான் குறை. மூன்று மணி ஆனது, மூன்றே கால் ஆனது. பதிவுசெய்ய வந்த அம்மா மணிக்கூட்டைப் பார்த்து, நாலரைக்குத் தனக்கு இன்னொரு கலியாணம் இருப்பதாகச் சொன்னார். வாசலில் நிற்கும் காவலாளி கையெழுத்துப் போட்டாலும் போதும், சட்டத்துக்கு இரண்டு சாட்சிதான் கணக்கு என்றார்.

"அவரையே கேப்பமே?" என்று மன்னார்க்காரரும் மெல்லக் கேட்டார்.

"அண்ணை வருவார்."

"எப்பிடித் தெரியும்?"

தெரியாது. கொப்பியில் எழுதிப் பார்த்திருந்தால் வரமாட்டார் என்றுதான் கணக்கு வந்திருக்கும். வராவிட்டால் இந்த ஜென்மத்தில் அவர் முகத்தில் முழிப்பதில்லை என்று மனதுக்குள் சத்தியம் பண்ணினேன். பண்ணிக்கொண்டே கதவைப் பார்த்தபடி நின்றேன்.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கதவு திறந்தது. பட்டுவேட்டி, அதற்கு மேலே குளிர் ஜக்கெற், ஒரு காதில் இயர்போன்.

"டவுன்ரவுணுக்குள்ள கார் வர ஏலாது. றோட்டெல்லாம் மறிச்சுக் கிடக்கு. சப்வேயில வந்தனான்" என்றார் அண்ணர், என் முகத்தைப் பாராமல். ஆட்டச் சட்டை போட்ட சனத்துக்கு நடுவே பட்டுவேட்டியோடு அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார்.

எனக்கு அழுகை முட்டியது. அழுவேனா? "எத்தினை?" என்று கேட்டேன்.

"நாலுக்கு மூண்டு. நாங்கள்தான் முன்னுக்கு. எட்டாவது இன்னிங்ஸ்."

"ஆர் எறியிறான்?"

"நீ சரிவராது எண்டு சொன்னியாம், அவன்தான். இவர் சொன்னவர்." மன்னார்க்காரரைக் கண்ணால் காட்டினார். இரண்டு பேரும் எப்போது பேசினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. "பிழையாச் சொல்லிப் போட்டாயடி."

"ஓம் அண்ணை, பிழையாத்தான் சொன்னன். நீங்களும்தான்."

அண்ணர் காதில் இருந்த இயர்போனைக் கழற்றி, சுருட்டிச் சட்டைப் பைக்குள் வைத்தார். ஒரு கதிரையை இழுத்துக்கொண்டு வந்து முன்னுக்குப் போட்டு உட்கார்ந்தார். கையெழுத்துப் போட்டு முடியும்வரை இயர்போனை அவர் வெளியே எடுக்கவேயில்லை.

அந்த மாட்ச் எப்படி முடிந்தது என்று எனக்குத் தெரியும். கொப்பியில் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். அதற்கென்று கோடு போட்டு வைத்த பக்கத்தில் ஒரேயொரு வரிதான் இருக்கிறது: எட்டாவது இன்னிங்ஸ், அண்ணர் வந்தார்.