ஒன்பது பவர் வேண்டும் என்றார்

யாங்கோனின் லத்தா பேட்டையில் இருக்கும் எங்கள் கண்ணாடிக் கடையில் கறுப்புக் கண்ணாடி வாங்குகிறவர்களில் பாதிப் பேர், அதன் மேல் ஒட்டியிருக்கும் கம்பெனிச் சீட்டைக் கிழிப்பதில்லை. ஒரு கண்ணின் மூலையை அது மறைத்தபடியே தெருவில் நடப்பார்கள். தான் பார்ப்பதற்கு வாங்கிய பொருளைப் பிறர் பார்ப்பதற்காகப் போட்டுக்கொள்ளும் இந்தக் கூத்தை, யாங்கோன் வந்த முதல் வாரத்தில் கண்டு வாய்விட்டுச் சிரித்தேன். கடை முதலாளியான என் தாய்மாமா முறைத்தார். "சிரிக்காதடா. மூஞ்சிக்கு நேரா சிரிச்சா நாளைக்கு எவனும் கடைக்கு வரமாட்டான்." வெளிநாடு போய்ச் சம்பாதித்துவரும் நம் ஊர் சபுராளிகள் மட்டும் என்ன வாழ்ந்தது என்று கேட்பீர்கள். துபாயிலிருந்து கொண்டுவந்த சோபாவின் பிளாஸ்டிக் உறையைப் பத்து வருஷம் கழற்றாமல், வந்தவர்களை அதன் மேல் உட்காரவைத்து வியர்க்கவிடுகிறவர்கள்தானே. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர்களை நாம் கேலியாவது செய்வோம்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் ஊ போ மவுங் கடைக்கு வந்தார். தேக்கு வியாபாரி. 'ஊ' என்பது இங்கே பெரிய மனிதர்களின் பெயருக்கு முன்னால் போடும் மரியாதை. அவருக்கு அது அதிகம். ஆனால் நான் இந்த நாட்டில் தங்கும் அனுமதி ஆண்டுக்கு ஆண்டு நீள, உள்ளூர்க்காரர் ஒருவரின் ஜாமீன் கடிதம் தேவைப்பட்டது. எனக்கு அதைத் தருகிறவர் அவர். அந்த ஆண்டுக் கடிதத்தில் அவர் இன்னும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. போடாவிட்டால் நான் ஊருக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

லைசென்ஸ் வாங்கிய புதுத் துப்பாக்கி ஒன்றுக்குக் குறி பார்க்கும் கண்ணாடி வேண்டும் என்றார். ஸ்கௌட் ரைஃபிள் என்பார்கள். குட்டையானது, எடை குறைவு, காட்டில் தூக்கி நடப்பதற்கென்றே செய்தது. அதில் கண்ணாடியைக் கண்ணருகே வைப்பதில்லை, குழலின் மேல் முன்னால் தள்ளிப் பூட்ட வேண்டும். சென்னையில் பைனாகுலர் பழுது பார்த்த காலத்தில் இதைத் தெரிந்துகொண்டிருந்தேன். சிங்கப்பூரிலிருந்து வந்த இரண்டு கண்ணாடிகளை மேசைமேல் வைத்தேன். ஒன்று, இரண்டு மடங்கு பெரிதாகக் காட்டும் இரண்டு பவர், சின்னது, தள்ளி வைத்துப் பார்ப்பதற்கென்றே செய்தது. மற்றது ஒன்பது பவர். தடியாக, பளபளவென்று, கண்ணை ஒட்டி வைத்தால் மட்டுமே தெரிவது.

"அந்தச் சின்னது என்ன, பேனாவா?" என்றார் ஊ போ மவுங். "ஒன்பதுதான் வேண்டும். எனக்கு ஒன்பதுதான் ராசி என்று ஜோசியர் சொல்லியாயிற்று."

நாற்பத்தைந்து, தொண்ணூறு என்று, கூட்டினால் ஒன்பது வரும்படி பணத்தாளே அடித்த நாடு இது. அவரைச் சொல்லி என்ன பயன்? நான் வாயைத் திறக்கப் போனேன். மாமா மேசைக்கடியில் என் காலை மிதித்தார். "ஆனாதேடா," என்றார் தமிழுக்கு நடுவே பர்மியச் சொல்லைப் போட்டு. "அவரு சங்கடப்படுவாரு. கையெழுத்து வேணுமா வேணாமா?" எதிரில் இருப்பவர் மனம் நோகுமே என்று உண்மையை விழுங்குவதற்கு இவர்கள் வைத்திருக்கும் நாகரிகமான பெயர்தான் ஆனாதே.

எங்கள் ஊரில் ஒரு ஹாஜியார், பெருநாள் பிறை பார்க்க ஆளுயரத் தொலைநோக்கி வாங்கிப் பள்ளிவாசல் மாடியில் நிறுத்தினார். பவர் கூடினால் தெரியும் வட்டம் சுருங்கும். மனிதர் அந்தக் காசளவு வட்டத்தை வைத்துக்கொண்டு வானம் முழுக்கத் துழாவினார். கீழே கூடையோடு போன மீன்காரி, "அந்தா நிக்கிது, கண்ணா அவிஞ்சு போச்சு?" என்று கை காட்டினாள். ஊரே சிரித்தது. மூன்று நாள் முறுக்கிக்கொண்டிருந்த ஹாஜியார் நான்காம் நாள் தானும் சிரித்தார். அந்த ஊரில் பிறந்த நான், "நல்ல தேர்வு, சயா" என்று பர்மிய ஐயா போட்டு, இங்குள்ள மரியாதைப்படி இரண்டு கையாலும் ஒன்பது பவரை எடுத்து நீட்டினேன். அதைப் பின்னால் இழுத்துப் பூட்ட ஓர் இரும்புத் தாங்கியும் நானே செய்து கொடுத்தேன். அப்போதும் கழுத்தை நீட்டினால்தான் தெரியும். கழுத்தை நீட்டிச் சுட்டால் துப்பாக்கி பின்வாங்கும்போது என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை, சுட்டுப் பார்க்க, தேக்கு வியாபாரியின் தோட்டத்துக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். ஊ போ மவுங் துப்பாக்கியைத் தோளில் வைத்துப் பார்த்தார். கழுத்தை நீட்டாததால் இருட்டைத் தவிர எதுவும் தெரிந்திருக்காது. "அருமை," என்றார். சுற்றி நின்றவர்களும் அருமை என்றார்கள். பிறகு துப்பாக்கியைத் தன் டிரைவர் கோ வின்னிடம் கொடுத்து, "நீ முதலில் சுடு," என்றார். கோ வின் இதே யாங்கோனின் தாகேதா பகுதியில் பிறந்த தமிழன், வீட்டில் முருகேசன். அவன் பேசுவதைத் தமிழ் என்று நான் ஒத்துக்கொண்டதில்லை. அவன் கழுத்தை நீட்டினான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெடித்ததும் கண்ணாடியின் விளிம்பு அவன் புருவத்தைப் பிளந்தது. ரத்தம் வழிய என்னைத் திரும்பிப் பார்த்தான். "ஒண்ணும் இல்ல சயா. கண்ணாடி நல்லாத்தா இருக்கு. நாந்தா ஒழுங்கா புடிக்கல," என்றான் தமிழில். ரத்தம் கண்டது நல்ல சகுனம் என்று ஊ போ மவுங் பூரித்துப்போனார். அந்தப் பூரிப்பிலேயே, கார் பானெட் மேல் வைத்து என் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

திரும்பி வரும் வழியில்தான் எனக்கு உறைத்தது. சின்னக் கண்ணாடியைக் கண்ணிலிருந்து எவ்வளவு தூரத்தில் வைக்க வேண்டும் தெரியுமா? ஒன்பது அங்குலம். "சயா, இதிலும் ஒன்பது இருக்கிறது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மனிதர் குழந்தைபோல அதை வாங்கிப் போயிருப்பார். அளவு எனக்கு மனப்பாடம். காலை மிதித்ததும் நாக்கு மடங்கிவிட்டது, அவ்வளவுதான். இத்தனை நேரம் இந்த ஊர்க்காரர்களைப் பழித்தேனே, எல்லாரையும்விடக் கேவலமானவன் நான்தான்.

சின்னக் கண்ணாடி இன்னும் விற்காமல் அலமாரியில் கிடக்கிறது. அதை இரண்டு கண்ணையும் திறந்துதான் பார்க்க வேண்டும். ஒரு கண்ணில் கண்ணாடிக்குள் தெரிவது, மற்றதில் வெளியே இருப்பது. ஆண்டுக்கொரு முறை கடிதத்தைக் கொண்டுவருகிறவன் கோ வின்தான். போன முறை அவன் தெருவைக் கடந்து வருவதை அதன் வழியாகப் பார்த்தேன். வெறும் கண்ணில், நான் இங்கே இருக்கலாம் என்று சொல்லும் காகிதத்தோடு தூரத்தில் வரும் பர்மாக்காரன் கோ வின். மற்றதில், கண்ணாடிக்குள் இரண்டு மடங்கு பெரிதாக, புருவம் பிளந்த தழும்போடு முருகேசன். அவன் உள்ளே வந்து, "நல்லா இருக்கீங்களா சயா?" என்று இரண்டு கையாலும் கடிதத்தை நீட்டினான். நானும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.