ஒன்று போல வந்த பதில்கள்

சாரல் விழத் தொடங்கினால் எங்கள் மதினி குடையைத் தலைக்குப் பிடிக்க மாட்டார்; கையில் இருக்கும் கேள்வித்தாள் கட்டுக்குப் பிடிப்பார். ஐந்தருவிக்குப் போகிற சாலையில் அவர் அப்படி நனைந்துகொண்டே நடந்த காட்சிதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. பின்னால் இன்னொரு கட்டோடு நான். எங்களை ஏதோ அளக்க வந்த சர்க்கார் ஆட்கள் என்று நினைத்து, பழக்கடைக்காரர்கள் சாலையில் நீட்டி வைத்திருந்த கூடைகளை உள்ளே இழுத்துக்கொள்வார்கள்.

மதினி என் அண்ணனின் மனைவி. தென்காசியில் ஒரு பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே கல்வியியலில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தார். வீட்டில் அப்பா படிப்பைக் கவனிப்பதற்கும் பிள்ளையின் வாசிப்புத் திறனுக்கும் என்ன தொடர்பு என்பது தலைப்பு. நான் அப்போது பி.எட். முடித்துவிட்டுச் சும்மா இருந்தேன். சும்மா இருக்கிறவளைக் கண்டால் மதினிக்குப் பொறுக்காது. அவர் ஒரு வீட்டில் பிள்ளையிடம் கேள்விகளைக் கேட்டுவிட்டு வருவார். சில நாள் கழித்து, அவர் எழுதியதைப் பார்க்காமலே, அதே பிள்ளையிடம் அதே கேள்விகளை நான் போய்க் கேட்க வேண்டும். இருவருக்கும் ஒரே பதில் வந்தால் அந்தக் கேள்வியை நம்பலாம். அதற்கு நம்பகத்தன்மை என்று பெயர்.

எங்களுக்கு ஒரே பதில்தான் வந்தது, அமோகமாக வந்தது. ‘படிக்கும்போது அப்பா பக்கத்தில் உட்காருவாரா?’ என்பதுதான் முக்கியமான கேள்வி. மதினியிடம் இல்லை என்ற பிள்ளை என்னிடமும் இல்லை என்றது. ஆமாம் என்ற பிள்ளை ஆமாம் என்றது. அவருடைய நெறியாளரான பேராசிரியருக்கு ஒரே சந்தோஷம். முடிவுதான் கொஞ்சம் விசித்திரமாக இருந்தது. அப்பா உட்காருகிற பிள்ளைக்கும் உட்காராத பிள்ளைக்கும் வாசிப்பில் வித்தியாசமே இல்லை. வளைகுடாவில் அப்பாவை விட்டிருக்கிற வீடுகள் எங்கள் ஊரில் தெருத்தெருவாக உண்டு. அந்தப் பிள்ளைகள் கணீரென்று வாசித்தார்கள். அப்பாவின் கவனிப்பால் பெரிய பயன் இல்லை என்று மதினி கடைசி அத்தியாயத்தை எழுதி முடித்தார்.

ஒத்துழைத்த பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கதைப் புத்தகம் கொடுத்து நன்றி சொல்லக் கிளம்பினோம். அப்படி ஒரு சாயங்காலம் போன வீட்டில், எங்களிடம் இரண்டு முறையும் ‘இல்லை’ என்று சொன்ன சிறுமி இருந்தாள். அவளுடைய அம்மா தேத்தண்ணீர் போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. சிறுமி போனை எடுத்துத் தகரச் சம்படத்தில் சாய்த்து வைத்தாள். திரையில் சவூதியில் இருக்கிற அவள் அப்பா, வேலை முடிந்து வந்த சட்டையோடு. அவள் பாடப் புத்தகத்தைப் பிரித்து வாசிக்க ஆரம்பித்தாள். நடுவில் அவர் நிறுத்தி, அந்த வரியில் அவசரப்பட்டுவிட்டாய், மறுபடி வாசி என்றார். பிறகு அந்தக் கதையில் வருகிற கிழவன் ஏன் அழுதான் என்று கேட்டார். தினமும் இப்படித்தான் என்றாள் அம்மா.

போன் வைத்ததும் மதினி சிறுமியிடம், அப்பா பக்கத்தில் இருப்பதில்லை என்றாயே என்று மெதுவாகக் கேட்டார்.

“வாப்பா சவூதில இருக்காங்க. பொறவு பக்கத்துல எப்படி உக்காருவாங்க?” என்றாள் அவள். எங்களைப் பார்த்து அவளுக்குப் பாவமாகக்கூட இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்தால், அண்ணன் மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மகன் வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருந்தான். அண்ணன் செல்போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். மதினி செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்று, “நம்ம கேள்விப்படி இவுக நல்ல அப்பா” என்று சிரித்தார். அண்ணன் தலை நிமிராமல், நான் என்ன செய்தேன் என்றான். அதற்குள் மதினியின் சிரிப்பு போய்விட்டது.

ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டிய தவணை நெருங்கியிருந்தது. பட்டம் கையில் வந்தால் ஒரு கல்லூரியில் வேலை என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார்கள். பதில்கள் இவ்வளவு ஒத்துப்போகும்போது ஏன் குழப்பிக்கொள்கிறாய் என்றார் நெறியாளர். அண்ணனும் அதையே சொன்னான். எனக்கும் உள்ளூர அதே எண்ணம்தான். ஒரே பதில் திரும்பத் திரும்ப வருவது போதாது, நாம் அளக்க வந்ததைத்தான் அந்தக் கேள்வி அளக்கிறதா என்பதே ஏற்புடைமை என்று புத்தகத்தில் எல்லோரும் படித்ததுதான். அதற்காகக் கைக்கு வருகிற வேலையை யார் விடுவார்கள்?

“தெனமும் பாடம் கேக்குத மனுசன இல்லன்னு எழுதிட்டு எனக்கு டாக்டர் பட்டம் எதுக்கு?” என்றார் மதினி. அத்தோடு பேச்சு முடிந்தது.

மறுபடி முதலிலிருந்து. இந்த முறை ‘உட்காருவாரா’ இல்லை; நேற்று என்ன வாசித்தாய், யார் கேட்டார்கள், கேட்டுவிட்டு என்ன சொன்னார்கள் என்று பிள்ளையைப் பேச விட்டோம். முன்பு ஒன்று போல எழுதிய நாங்கள் இப்போது முட்டிக்கொண்டோம். ‘படிச்சியா?’ என்று மட்டும் கேட்கிற அப்பாவையும் நான் சேர்த்தேன், மதினி சேர்க்கவில்லை. ஐந்தருவியில் பஜ்ஜி ஆறிப்போகும்வரை சண்டை போட்டு, எதைக் கவனிப்பு என்று கொள்வது என ஒரு முடிவுக்கு வந்தோம். குற்றாலத்தில் கடை வைத்திருக்கிற அப்பாக்கள் அருவி சீசனில் சாயங்காலம் வீட்டில் இருக்க மாட்டார்கள். அந்த நாட்களை வைத்து அவர்களை எடை போடக் கூடாது என்று சீசன் முடியும்வரை காத்திருந்தார் மதினி. அதற்குள் அந்தக் கல்லூரி வேலை வேறொருவருக்குப் போயிற்று. மதினி இரண்டு நாள் கேள்வித்தாள் கட்டைத் தொடவில்லை. மூன்றாம் நாள் அதை எடுத்துக்கொண்டு பக்கத்து ஊரான கடையத்துக்குப் பஸ் ஏறினார்.

இப்போது மதினி இன்னொரு கல்லூரியில் ஆய்வு முறைகள் பாடம் நடத்துகிறார். மாணவிகளுக்கு அவரைக் கண்டால் கொஞ்சம் பயம் என்று கேள்வி. எனக்கு மறக்க முடியாதது அவருடைய பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு நாள்தான். அவ்வளவு ஒத்துப்போன தரவை ஏன் தூக்கிப் போட்டீர்கள் என்று வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கேட்டார். மதினி அதுவரை பேசிய மேடைத் தமிழை விட்டுவிட்டார்.

“நாங்க ரெண்டு பேரும் ஒண்ணு போலத்தான் கேட்டோம் சார். ஒண்ணு போலத் தப்பாக் கேட்டோம். பிள்ள வாசிக்கதக் கேக்குத அப்பாவத் தேடிப் போயி, நாக்காலிய எண்ணிட்டு வந்துட்டோம்.”

தேர்வாளர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பார்வையாளர் வரிசையில் என் பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாள் என் பக்கம் சாய்ந்து, இவர் யார், உங்களுக்குத் தெரிந்தவரா என்று கேட்டார்.

“எங்க மதினி” என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. மேடையில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.