பூமயில் அனுப்பிய படம்

பூமயிலுக்கும் அவள் புருஷனின் அண்ணன் பால்சாமியின் மனைவி உலகம்மாளுக்கும் கல்யாணமாகி வந்த நாள் முதலே ஆகாது. கடலாடிப் பக்கம் ஒரு ஊரில் இருவருக்கும் ஒட்டின வீடு. பாத்திரம் கழுவின தண்ணீர் யார் வாசலில் ஓடுவது என்பதிலேயே பாதிப் பகல் போய்விடும். சர்க்கரை வியாதி மட்டும்தான் இருவருக்கும் பொது.

2008-ல் மதுரையிலிருந்து ஒரு ஆராய்ச்சிக் குழு வந்தது. சர்க்கரை உள்ளவர்களில் பாதிப் பேருக்கு கேமரா போன் கொடுத்தார்கள். வாரா வாரம் பாதத்தைப் படம் எடுத்து அனுப்பினால், மதுரையில் இருக்கும் டாக்டர் பார்த்துவிட்டுக் கூப்பிட்டுச் சொல்வார். மற்றவர்களுக்கு மாத்திரை மட்டும். போன் இருந்தால் எவ்வளவு குணம், இல்லாவிட்டால் எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். யாருக்குப் போன் என்று கம்ப்யூட்டரே தீர்மானித்தது. பூமயிலுக்குக் கிடைத்தது. உலகம்மாளுக்குக் கிடைக்கவில்லை.

"பல்ல இளிச்சு வாங்கிட்டா சிறுக்கி" என்றாள் உலகம்மாள் குழாயடியில்.

பூமயில் குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் பதில் சொன்னாள். அன்று அங்கே யாரும் தண்ணீர் பிடித்த மாதிரி தெரியவில்லை.

மிளகாய்ப் பழம் பறிக்கும் சமயத்தில் உலகம்மாள் காலில் கருவேல முள் ஏறியது. மரத்துப்போன கால், அவளுக்கு உறைக்கவில்லை. நாற்றம் வந்த பிறகு பால்சாமி பூமயில் வாசலில் வந்து நின்றார்.

"தாயி, அந்தப் போன்ல ஒரு தடவ..."

'கெடக்கட்டும்' என்றுதான் பூமயில் முதலில் நினைத்தாள். பிறகு எழுந்து போனாள். உலகம்மாள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பூமயிலும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை; காலை மட்டும் படம் எடுத்து அனுப்பினாள்.

சற்று நேரத்தில் டாக்டர் கூப்பிட்டார். "எனக்கில்லீங்க, எங்க ஓரகத்திக்கு" என்றாள். அந்தப் பக்கம் கொஞ்சம் தயங்கி, "உடனே ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்றது குரல். பால்சாமி கார் பிடித்தார். பெருவிரலோடு போயிற்று, கால் தப்பியது.

மறுநாளே குழுவின் களப்பணியாளன் வேதநாயகம் பைக்கில் வந்து இறங்கினான்.

"என்னம்மா செஞ்சு வச்சிருக்கீங்க? அவங்க போன் இல்லாத ஆளுக. இப்புடி செஞ்சா ஆராய்ச்சியே கெட்டுப்போகும்!"

"காலு அழுகுறத வேடிக்க பாக்குறதுக்காடா ஆளெடுத்தீக?"

"மரியாதையாப் பேசுங்க. போனைக் குடுங்க."

போனை அவன் பைக் டேங்கின் மேல் வீசினாள். அதோடு அவள் பெயரை நீக்கிவிட்டார்கள்.

உலகம்மாள் ஊன்றுகோலோடு திரும்பி வந்தாள். நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை. "எங் கால மதுர வரைக்கும் காமிச்சு அசிங்கப்படுத்திட்டா" என்று தெருவெல்லாம் சொன்னாள். பூமயில் கழுவு தண்ணீரை வேண்டுமென்றே அவள் வாசலுக்குத் திருப்பிவிட்டாள்.

அடுத்த வருடம் அதே குழு வேறொரு ஆராய்ச்சிக்காக ஜீப்பில் வந்தது. பூமயில் பாதையில் போய் நின்றாள்.

"எல்லாருக்கும் போன் குடுக்குறதுன்னா உள்ள வாங்க. இல்லேன்னா வண்டியத் திருப்புங்க."

ஜீப் திரும்பியது. அதோடு குழு கொடுத்துவந்த ஓசி மாத்திரையும் நின்றது. இப்போது மாத்திரைக்காக ஊர்ப் பெண்கள் பஸ் ஏறிக் கடலாடிக்குப் போகிறார்கள். வழியெல்லாம் பூமயிலைத் திட்டுகிறார்கள். அவளும் அதே பஸ்ஸில், முன் சீட்டில் உட்கார்ந்து, திரும்பித் திரும்பிப் பதில் சொல்லிக்கொண்டே போகிறாள்.