வேலாயி சத்தம் போட்ட படம்

மலாயாவில் புக்கிட் ரம்பாய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த வேலாயிக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. கங்காணியையே எதிர்த்துப் பேசுவாள். அதே தோட்டத்து வீரமுத்துவைக் கண்டால் மட்டும் பேச்சு வராது.

ஜப்பான்காரன் வருவதற்கு முன்பு இருவருக்கும் கல்யாணம் பேசியிருந்தார்கள். பரிசம் போடுவதற்குள் வீரமுத்துவைச் சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பி வந்தபோது அவனுக்கு ஒரு கால் சரியாக ஊன்ற வரவில்லை. அதற்குப் பிறகு கல்யாணப் பேச்சையே அவன் எடுக்கவில்லை. வேலாயியும் வந்த மாப்பிள்ளைகளை எல்லாம் ஏதாவது சாக்குச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

பிறகு, காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் வந்தது. தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி வேலி, பொழுது சாய்ந்தால் ஊரடங்கு. அதனால் மலாக்காவிலிருந்து படம் காட்ட வந்த கந்தசாமி, ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகலில் தோட்டத்து ரப்பர் ஸ்டோர் ஜன்னல்களில் கோணிச்சாக்கைக் கட்டி இருட்டாக்கினார். பர்மா சண்டைக்குப் போன சிப்பாயின் காதல் கதை. திரையில் குண்டு விழுந்தபோது சின்னப்பிள்ளைகள் கைதட்டினார்கள். பெரியவர்கள் யாரும் தட்டவில்லை. காதலி தனியாக நின்று பாடியபோது பெண்கள் பக்கம் ஒரே மூக்குச் சிந்தல்.

சிப்பாய் ஊன்றுகோலோடு ஊர் திரும்பினான். காதலி வீட்டு வாசல் வரை வந்தவன், அவளைக் கூப்பிடாமலே திரும்பி நடந்தான்.

வேலாயிக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றுவிட்டாள்.

"ஏய்யா, எங்க போற? கால்தானே போச்சு, வாயுமா போச்சு? ஒரு வார்த்தை கேளுய்யா! அவ என்ன மாட்டேன்னா சொல்லப்போறா?"

ஸ்டோரே சிரித்தது. அந்த நேரம் பார்த்து ரீல் முடிந்தது. அடுத்ததை மாட்டக் கந்தசாமி விளக்கைப் போட்டார். ஆண்கள் பக்கம் வீரமுத்து எழுந்து நின்றுகொண்டிருந்தான். சிரிப்பு மெல்ல அடங்கியது.

"நான் கேட்டா?" என்றான்.

"கேட்டாத்தானே தெரியும்." வேலாயியின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"என்னைக் கட்டிக்கிறியா, வேலாயி?"

"சரிலா! இதைக் கேக்க இத்தனை வருசமா உங்களுக்கு?"

பெண்கள் போட்ட குலவையில், வேலியோரம் காவலுக்கு நின்றவன் என்னவோ ஏதோவென்று துப்பாக்கியோடு ஓடிவந்தான். விஷயம் தெரிந்ததும் அவனும் சிரித்தான். கடைசி ரீலை ஒருத்தரும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. சிப்பாய் என்ன ஆனான் என்று மறுநாள் ஆளுக்கொரு கதை சொன்னார்கள்.

தை மாதம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தாலி கட்டினார்கள். ஊரடங்கு கெடுபிடி தளர்ந்த பிறகு, மாதம் ஒரு ஞாயிறு இருவரும் பஸ் ஏறி மலாக்காவுக்குப் படம் பார்க்கப் போவார்கள். அங்கேயும் வேலாயி திரையைப் பார்த்துச் சத்தம் போடுவாள். முன்வரிசைக்காரர்கள் திரும்பி முறைப்பார்கள். வீரமுத்து அவளை அடக்கமாட்டான். கச்சான் கடலைப் பொட்டலத்தை அவள் மடிப்பக்கம் நகர்த்திவிட்டு வாய்விட்டுச் சிரிப்பான்.