ஹாரன் மாமா தேர்ந்தெடுத்த மருந்து

நர்சரிப் பிள்ளை ஒருத்தி வேன் சீட்டிலேயே ஒன்றுக்குப் போய்விட்டாள். மற்ற பிள்ளைகள் பார்ப்பதற்குள் டிரைவர் அண்ணன் தன் தண்ணீர் பாட்டிலை அந்தச் சீட்டில் கவிழ்த்தார். "அடடா, தடியன் நான்! பாப்பா மேல எல்லாம் கொட்டிட்டேனே!" பிள்ளைகள் அவரைப் பார்த்துச் சிரித்தார்கள். அவளை யாரும் பார்க்கவில்லை.

ஒன்பது வருஷம் அவர் அந்தப் பள்ளி வேனை ஓட்டினார். பிள்ளைகளை ஏற்றி இறக்குவது என் வேலை. ஹாரன் சத்தத்தில் சின்னதுகள் மிரளும் என்று வாயாலேயே "பீம் பீம்" என்பார். அதனால் ஹாரன் மாமா என்று பேர் வந்தது.

பெருங்குடலில் புற்றுநோய் என்று தெரிந்தபோதே அது ஈரலுக்கும் பரவியிருந்தது. முதல் மருந்து ஒரு வருஷம் கேட்டது. இரண்டாவது நாலு மாதம்தான். ஊசி போடும் வாரம் லீவு, மற்ற நாள் வண்டி.

மூன்றாவது மருந்தைப் பற்றிப் பேசக் கூப்பிட்டபோது அவரோடும் அண்ணியோடும் நானும் போனேன். டாக்டரம்மா ஒளிக்கவில்லை.

"எதுவும் குணமாக்காது, கொஞ்சம் தள்ளிப்போடும். ஒண்ணு, மாத்திரையோட ரெண்டு வாரத்துக்கு ஒரு டிரிப் நரம்புல ஏத்தணும். அதுல வெள்ளணு குறையும். சளி, காய்ச்சல் உள்ளவங்க பக்கமே போகக்கூடாது. இன்னொண்ணு வெறும் மாத்திரை. உள்ளங்கை, உள்ளங்கால் தோல் வெந்து உரியும். டிரிப்போட சேர்ந்ததுல இன்னும் சில மாசம் கூடக் கிடைக்கலாம். உறுதி சொல்ல முடியாது."

"டிரிப்பே போடுங்க," என்றார் அண்ணி.

"வேன்ல பதினாறு மூக்கு ஒழுகுது. அதுங்க பக்கம் போகாம எப்படி ஓட்டறது? தோல்தானே, உரியட்டும். பிள்ளைங்க பரீட்சை முடியற வரைக்கும் ஓட்டணும்," என்றார் அண்ணன்.

"உயிர விட அந்த ஸ்டியரிங் பெரிசா உங்களுக்கு?"

"வீட்ல உக்காந்தா நான் சீக்காளி. அங்க உக்காந்தா டிரைவர்டி."

வலி வந்தால் ஓட்டவே கூடாது என்றார் டாக்டரம்மா. அவர் நன்றாகத் தலையாட்டினார்.

மாத்திரை தொடங்கிய மூன்றாம் வாரம் உள்ளங்கால் கொப்புளித்தது. களிம்பு பூசி, இரண்டு ஜோடி காலுறை மாட்டி, குதிகாலில் நடந்து வந்தார்.

"ஸ்கூல்ல சொல்லிடவாண்ணே?"

"வாய மூடிட்டு இருந்தா உனக்குப் புண்ணியமா போகும்."

மூடிக்கொண்டேன். அது புண்ணியமில்லை என்று ஆண்டவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஒரு காலை, பள்ளி வாசலில் பிரேக்கை மிதித்த கால் வலி தாங்காமல் வழுக்கியது. கைப்பிரேக்கை இழுத்தார். மதிலுக்கு ஒரு சாண் முன்னால் வேன் நின்றது. யாருக்கும் அடியில்லை. "மாமா, இன்னொரு தடவ!" என்று ஒரு வாண்டு கைதட்டியது. அவர் யாரிடமும் பேசாமல் சாவியை உருவிக்கொண்டுபோய் ஹெட்மாஸ்டர் மேஜையில் வைத்தார்.

பிறகு டிரிப்புக்கு மாறினார். அதற்குள் ஈரலில் கட்டி பெருத்திருந்தது. இரண்டே டிரிப், வெள்ளணு விழுந்துவிட்டது. "முதல்லயே இதை எடுத்திருந்தா?" என்று அண்ணி கேட்டார். "தெரியாதும்மா," என்றார் டாக்டரம்மா.

பரீட்சை முடிந்த அன்று புது டிரைவரிடம் வேனை அவர் வீட்டெதிரே நிறுத்தச் சொல்லி நான் மட்டும் இறங்கினேன். அண்ணியின் தோளைப் பிடித்து, முகக்கவசத்தோடு வாசல் கேட் அருகே அண்ணன் நின்றிருந்தார். கிட்டே போனேன்.

"அங்கயே நில்லு. நீயும் அதுங்க மூக்கத் தொடச்சிட்டு வந்தவதான்."

"நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும்ண்ணே," என்று அழுதேன்.

அதன் பிறகு அவரை நான் உயிரோடு பார்க்கவில்லை. அன்று அவர் கடைசியாகச் சொன்னது இதுதான்: "அடுத்த டிரைவர் நொண்டினா அன்னைக்கே போய்ச் சொல்லிடு. போ, பிள்ளைங்க காத்திருக்கு."